டைட்டில் சீக்வென்ஸ் வேலையில் எங்கே உதைக்கிறது? தெரிந்தவர்கள் பகிருங்கள்

போஸ்ட் சூப்பர்வைசர்:

"இதுமேல டைட்டில் போட்டுக்கலாம்" என்று ஸ்பாட்டில் சொல்லிவிட்டு எடுக்கும் ஷாட்டுகளில்தான் பாதித் தலைவலி இருக்கிறது. நான் தொடங்கி வைக்கிறேன், மற்றவர்கள் அவரவர் பக்கத்தைச் சொல்லுங்கள்.

ஷூட்டுக்கு முன்னால் கார்டு (ஒரே நேரத்தில் திரையில் நிற்கும் பெயர் அல்லது பெயர்கள்) எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 22 கார்டு என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பெயர் கார்டு 14, ஆளுக்கு 3 நொடி, அதாவது நொடிக்கு 24 வீதம் 72 ஃபிரேம். ஐந்தாறு பெயர் உள்ள கார்டு 8, தலா 5 நொடி. நடுநடுவே அரை நொடி வெறுமை, படத்தின் பெயருக்கு 6 நொடி. மொத்தம் சுமார் 1 நிமிடம் 40 நொடி வரும். இயக்குநர் கையில் 70 நொடி மான்டேஜ்தான் இருக்கிறது என்றால் யாரோ இரண்டு பேரை ஒரே கார்டில் சேர்க்க வேண்டிவரும். அந்த இரண்டு பேர் யார் என்பதில் நடக்கும் பஞ்சாயத்து எடிட்டிங் அறையில் தீராது. ஷூட்டிலேயே அரை நிமிடம் கூடுதலாக எடுத்து வைப்பதே மேல்.

எழுத்துக்குப் பின்னால் இலை, ஜன்னல் கம்பி, கூட்டம், ஓடும் தண்டவாளச் சல்லி இவையெல்லாம் வந்தால் பெயர் கரைந்துவிடும். பான் செய்யும்போது, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, வெளிச்சமான ஜன்னல் ஒன்று குறுக்கே வந்தால் வெள்ளை எழுத்து அந்த இடத்தில் காணாமல் போகும். அசிஸ்டென்ட் ஒருவர் கண்ணாடித்தாளில் கார்டின் இடத்தைக் கோடு போட்டு மானிட்டரில் ஒட்டினால் போதும், கேமராமேன் தானாக அந்தப் பக்கம் இடம் விட்டு வைப்பார். இதற்குப் பைசா செலவில்லை, ஆனாலும் செய்கிறவர்கள் கம்மி.

பெயர்ப் பட்டியல் தயாரிப்பாளர் கையெழுத்துடன் வந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். எண் ஜோதிடப்படி ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடும், ஒன்று குறையும். அதை வாட்ஸாப் குரல் பதிவில் அனுப்புபவர்களும் உண்டு!

ஆப்டிக்கல் காலத்து ஆள்:

பழைய முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். இன்றைக்கு "ரெட்ரோ லுக்" கேட்டு வருபவர்களுக்குச் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

35 எம்எம்மில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி. மூன்று நிமிட டைட்டில் என்றால் 270 அடி. கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து எழுதி, ஹை கான்ட்ராஸ்ட் ஃபிலிமில் எடுத்து, ஆப்டிக்கல் பிரின்டரில் பின்னணிக் காட்சியின் மேல் இரண்டாவது எக்ஸ்போஷராக ஏற்றுவார்கள். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் கூட்டுகிற வேலை இது. அதனால் வானத்தின் மேல் வெள்ளை எழுத்து நிற்கவே நிற்காது. கறுப்பு நிழலோ வண்ண எழுத்தோ வேண்டுமென்றால் முதலில் எழுத்து வடிவத்தில் பின்னணியை மறைக்கும் மேட் ஒன்று தேவை, பிறகு அந்த ஓட்டையில் எழுத்தை நிரப்ப வேண்டும். இரண்டும் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும்.

எழுத்து ஏறிய ஷாட் அசலிலிருந்து ஒரு தலைமுறை தள்ளிய நகல் என்பதால் கிரெயின் (ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) கூடும். கார்டு இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஆப்டிக்கல் போட்டால் பெயர் வரும்போது படம் சட்டென்று மங்கும், போனதும் தெளியும். அதனால் கட் முதல் கட் வரை முழு ஷாட்டையும் ஆப்டிக்கலுக்கு அனுப்புவதே வழக்கம்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். பழைய படம் மாதிரி வேண்டும் என்று முழு ஃபிரேமையும் ஒன்றாக ஆட்டிவிடுகிறார்கள். அசலில் பின்னணி ஒரு ஃபிலிம், எழுத்து வேறு ஃபிலிம். இரண்டின் ஆட்டமும் தனித்தனி. பின்னணிக்கு ஓர் ஆட்டம், எழுத்துக்கு அதோடு ஒட்டாத இன்னோர் ஆட்டம், அதுவும் 2கேயில் (2048 பிக்சல் அகலப் படத்தில்) ஒரு பிக்சலுக்கு மேல் போகக் கூடாது. எழுத்து விளிம்பில் லேசான ஒளிக்கசிவு. கீறலும் தூசியும் அள்ளிக் கொட்டத் தேவையே இல்லை. புதிதாகப் போட்ட பிரின்ட்டில் ஏது கீறல்?

டிஐ அறை:

படத்தின் நிறத்தைச் சரிசெய்து முடிக்கும் டிஐ அறையிலிருந்து ரோலிங் பற்றி, அதாவது படம் முடிந்ததும் கீழிருந்து மேலே ஓடும் பெயர்ப் பட்டியல் பற்றி. "ரோலிங் நடுங்குது சார்" என்ற புகாருக்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான், ஒரு ஃபிரேமுக்கு நகரும் தூரம் முழு எண்ணாக இல்லை.

தியேட்டருக்குப் போகும் ஃபைலான டிசிபி, 2கே ஸ்கோப்பில் (அகலத் திரையில்) 2048 × 858 பிக்சல். நொடிக்கு 24 ஃபிரேம். ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்றால் நொடிக்கு 72 பிக்சல், ஒரு பெயர் கீழிருந்து மேலே போக ஏறக்குறைய 12 நொடி. 400 வரி, வரிக்கு 40 பிக்சல், திரை உயரம் 858 என்று கூட்டினால் 16,858 பிக்சல். 72ஆல் வகுத்தால் 3 நிமிடம் 54 நொடி. தயாரிப்பாளர் மூன்றரை நிமிடம் என்கிறார். உடனே கீஃபிரேமை (நகர்வு தொடங்கும், முடியும் இடக் குறியை) இழுத்து 210 நொடிக்கு அடக்கினால் ஃபிரேமுக்கு 3.34 பிக்சல் ஆகிறது. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல் கட்டத்தில் வேறு வேறு இடத்தில் விழும், படுக்கைக் கோடுகள் மினுமினுக்கும். வேகத்தைத் தொடாதீர்கள். வரி இடைவெளியை 40இலிருந்து 36 ஆக்குங்கள், 3 நிமிடம் 32 நொடிக்கு வந்துவிடும். மீதி இரண்டு நொடியை லோகோக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஃபிரேமுக்கு 4 பிக்சலுக்குத் தாவினால் 40 பிக்சல் இடைவெளியிலேயே 2 நிமிடம் 56 நொடி. அந்த வேகத்தில் பெயரைத் தேடுபவர் அலைவார், ஆனால் நடுக்கம் இருக்காது.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். ப, ம, ட, ய எல்லாவற்றுக்கும் அடியில் நீளமான படுக்கைக் கோடு. அது ஒன்றரை பிக்சல் தடிமனில் இருந்தால் முழு எண் வேகத்திலும் அழுக்காகத் தெரியும். முழுசாக 2 பிக்சலாவது வேண்டும். லைட் வெயிட் எழுத்துரு போஸ்டருக்கு அழகு, ரோலிங்குக்கு ஆகாது.

4கேயில் செய்தால் வேகம் இரட்டைப்படையாக இருக்கட்டும். 6 என்று வைத்தால் 2கேயில் 3 ஆகும். 5 வைத்தால் 2கேயில் இரண்டரை, அவ்வளவுதான் கதை.

மேக்ரோ கேமரா:

டிஐ அண்ணனிடம் ஒரு கேள்வி. மோஷன் ப்ளர் (நகரும் திசையில் மங்கலாக்குவது) போட்டால் நடுக்கம் மறையுமே?

டிஐ அறை:

மறையாது தம்பி, மழுங்கும். அதோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். ரோலிங்கில் மோஷன் ப்ளர் ஆஃப்.

இன்னொன்று, டிசிபிக்குச் செய்த ரோலிங்கை அப்படியே சுருக்கி டிவிக்கு அனுப்பாதீர்கள். 2048ஐ 1920 ஆக்கும்போது 3 பிக்சல் 2.81 ஆகிவிடும். 1920க்குத் தனியாக ரெண்டர் போடுங்கள். ஒரு மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் ஓடிடியிலிருந்து பல படங்களின் ரோலிங் திரும்பி வருகிறது.

மேக்ரோ கேமரா:

சரி, என் பக்கம். பொருட்களை மிக அருகில் எடுத்து அதன் மேல் பெயர் வருகிற டைட்டில்கள்.

1:1 பெரிதாக்கத்தில், அதாவது பொருள் அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும்போது, மேக்ரோ லென்ஸ் 2 ஸ்டாப் ஒளியை, அதாவது முக்கால் பங்கைத் தின்னும். எஃப்/8 வைத்தால் சென்சாருக்கு எஃப்/16 அளவுதான் வந்து சேரும். அப்படியும் ஃபோகஸில் நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். 1962இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் துப்பாக்கிக் குழல் ஷாட்டில் டைட்டில் வடிவமைப்பாளர் மாரிஸ் பைண்டருக்கும் இதே சிக்கல். சாதாரண லென்ஸில் குழல் முழுவதும் ஃபோகஸ் ஆகவில்லை, லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை உள்ள பின்ஹோல் கேமராவை வைத்து நிஜக் குழலுக்குள் எடுத்தார். நமக்கு அந்த அளவு தேவையில்லை, ஆனால் விளக்கு பட்ஜெட்டை நான்கு மடங்காக எழுதிக்கொள்ளுங்கள்.

விளக்கு என்றதும் அடுத்த கண்ணி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை துடிக்கும். 24 ஃபிரேமில் ஷட்டர் 172.8 டிகிரி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/50 நொடி ஒளி, வைத்தால் தப்பிக்கலாம். ஸ்லோமோஷனுக்கு 96 ஃபிரேமில் எடுத்தீர்கள் என்றால் ஒளி நொடிக்கு 4 முறை ஏறி இறங்கும். 24இல் ஓட்டிப் பார்க்கும்போது நொடிக்கு ஒரு தடவை மூச்சு விடுவது போல் திரை மங்கித் தெளியும். ஸ்பாட்டில் மானிட்டரில் கண்ணுக்குப் படாது, கிரேடிங்கில் (நிறம் சரிசெய்யும்போது) தான் தெரியும். ஃப்ளிக்கர் இல்லாத எல்இடி, இல்லையேல் பெரிய டங்ஸ்டன் பல்பு.

தண்ணீரில் மை கரையும் ஷாட்: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு ஏறக்குறைய 56 லிட்டர். ஒவ்வொரு டேக்குக்கும் தண்ணீர் புதிது, மிச்சமிருக்கும் மை அடுத்த டேக்கைச் சாம்பலாக்கிவிடும். பத்து டேக் என்றால் 560 லிட்டர், கேன் தண்ணீர் கணக்கில் யோசியுங்கள். அப்போதுதான் பிடித்த தண்ணீரில் காற்றுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டும். முதல் நாள் இரவே பிடித்து வைத்துவிட வேண்டும். மை நேராக அடியில் போய் விழாமல் நடுவில் மேகம் மாதிரி பரவ வேண்டுமா? கீழ்ப்பாதியில் உப்புத் தண்ணீர், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், மேலே நல்ல தண்ணீர் ஊற்றித் தாளை மெதுவாக உருவுங்கள். அடர்த்தி மாறும் எல்லையில் மை தங்கிப் படரும். 1977இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் வேற்றுக்கிரகப் படத்தில் மேகங்களை இப்படித்தான் செய்தார்கள்.

எரியும் எழுத்து: 100 மில்லி வெந்நீரில் 30 கிராம் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். தூரிகையால் அரை சென்டிமீட்டர் அகலத்தில் எழுதி, காயவிட்டு, மறுபடி ஒரு முறை மேலே இழுத்து, துளி ஈரமும் இல்லாமல் காய வையுங்கள். ஊதுபத்தி நுனியை ஓர் முனையில் தொட்டால் தீச்சுடர் இல்லாமல் கங்கு மட்டும் கோடு வழியே ஊர்ந்து போகும். நியூஸ்பிரின்ட் மாதிரி உறிஞ்சும் தாள் நல்லது, கல்யாணப் பத்திரிகை அட்டை உறிஞ்சாது. எழுத்துகள் ஒன்றோடொன்று தொட்டிருக்க வேண்டும், விட்டுப்போன இடத்தில் கங்கு அணையும். புள்ளிதான் பெரிய எதிரி. க் எழுதினால் மேலே இருக்கும் புள்ளிக்கு ஒரு மெல்லிய இழை ஓட்டிவிடுங்கள், அல்லது இன்னொருவர் தனியாக ஒரு பத்தியோடு நிற்கட்டும். ஃபேன் ஆஃப், ஜன்னல் திறந்து, மணல் வாளி பக்கத்தில். கங்கு ஒளிர வேண்டும் என்றால் தாளின் மேல் விழும் விளக்கைக் குறைத்தே ஆகவேண்டும்.

எழுத்துக்காரன்:

புள்ளியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. கம்ப்யூட்டரிலும் அதே புள்ளிதான் வம்பு.

அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தமிழ் உடைந்து தெரிந்தால் முதலில் டெக்ஸ்ட் எஞ்சினைத் (எழுத்தைக் கோக்கும் பகுதியை) தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். லத்தீன் எஞ்சினில் "கெ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். இரவு இரண்டு மணிக்குக் கண் அதைச் சரி என்றே வாசிக்கும், அதனால் வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

எழுத்து எழுத்தாக வரும் அனிமேஷனில் அடுத்த சிக்கல். ரேஞ்ச் செலக்டர் (எழுத்துகளை ஒவ்வொன்றாக அசைக்கும் வசதி) "கொ"வை ஓர் எழுத்தாகப் பார்க்கும் என்று நம்பாதீர்கள். கொம்பு முதலில் பறந்து வரும், க பின்னால் வரும், கால் இன்னும் வந்துகொண்டே இருக்கும். பெயரை இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அவுட்லைன், அதாவது வெறும் வடிவம் ஆக்கி, எழுத்து எழுத்தாகக் கையால் குழு பிரித்து, தனித்தனி லேயராகக் கொண்டுவருவதுதான் வழி. பெயர் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பட்டியல் உறுதியாகும் முன் கார்டு அனிமேஷனில் கை வைக்கக் கூடாது.

அவுட்லைன் ஆக்கியதும் துணை எழுத்து ஒட்டும் இடங்களைப் பாத்ஃபைண்டரில் யுனைட் செய்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) போட்டதும் "கி"யின் கொக்கி க மேல் ஏறும் இடத்தில் வெட்டுக்கோடு தெரியும். 40 அடித் திரையில் அது கையளவு இருக்கும்.

பழைய எழுத்துருக்களில் வந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஜ் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கன்வெர்ட்டர் சொதப்புவது அங்கேதான்.

நிறம் பற்றி ஒரே ஒரு வரி: கறுப்பின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து தியேட்டரில் நன்றாக நிற்கும், ஓடிடியில் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவதால் விளிம்பு கலங்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் கோட்டைத் தடிமனாக்குங்கள்.

எடிட்டர்:

பாட்டுக்குக் கார்டு வெட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை. 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு தாளத்துக்குச் சரியாக 12 ஃபிரேம், கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். 128 என்றால் 11.25. 11 ஃபிரேம் என்று சீராக அடுக்கிக்கொண்டே போனால் 40 தாளத்தில் 10 ஃபிரேம் விலகிவிடும். அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு தாள அடிக்கும் மார்க்கர் வைப்பதே சரி. என் கணிப்பில் எல்லாக் கார்டையும் அடியிலேயே வெட்டினால் நாலாவது கார்டிலேயே சலித்துவிடும். படத்தின் பெயரையும் கடைசியில் வரும் இயக்குநர் பெயரையும் மட்டும் அடியில் விடுங்கள், மற்றவை மிதக்கட்டும்.

போஸ்ட் சூப்பர்வைசர்:

நல்ல விஷயங்கள். டெலிவரி பற்றி மட்டும் சேர்க்கிறேன். படத்தில் புகையிலைக் காட்சி இருந்தால் 2012 முதல் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 நொடி விழிப்புணர்வுப் படங்களும் 20 நொடி எச்சரிக்கையும் உண்டு. அதெல்லாம் முடிந்து உங்கள் முதல் ஃபிரேம் வரும்போது ஆடியன்ஸ் பாப்கார்னோடு இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே முதல் ஐந்து நொடியில் கதைக்கு வேண்டிய எதையும் வைக்காதீர்கள்.

எழுத்தில்லாத பின்னணி முழுவதையும் அதே கிரேடில் தனியாக எடுத்து வையுங்கள், தெலுங்கு, இந்திப் பதிப்பு கேட்கும் அன்று தேடினால் கிடைக்காது. டப்பிங் கலைஞர் பெயர்கள் சேர்வதால் மற்ற மொழி ரோலிங் நீளும். 30 வரி கூடினால் 36 பிக்சல் கணக்கில் 15 நொடி. கடைசிப் பாட்டு அதற்கு முன்பே முடிந்து பெயர்கள் மௌனத்தில் ஓடும். சவுண்ட் மிக்ஸ் முடியும் முன்பே எல்லா மொழி ரோலிங்கின் நீளத்தையும் ஃபிரேம் கணக்கில் மிக்ஸருக்கு அனுப்பிவிடுங்கள்.