டாஸ்மாக் பாட்டிலுக்குத் திரும்பும் 10 ரூபாய் பரிசா, சொந்தக் காசா?

குன்னூர்க்காரன் | காலை 8.14
நேற்று ‘மெஸ் செயலாளர்’ தன் கல்லூரி கேன்டீன் திட்டத்தைப் பற்றி எழுதியதில் ஒரு இடம்: “பரிசு கொடுத்தால்தான் மாணவர்களுக்குப் பழக்கம் வரும். நீலகிரியில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் பரிசு கொடுத்தார்கள், பாட்டில் திரும்பி வந்துவிட்டதே!” படித்ததும் எரிச்சலாகிவிட்டது. அது பரிசு இல்லை ஐயா! 2022 மே மாதம் எங்கள் மாவட்டத்தில்தான் அது முதலில் வந்தது. பாட்டில் வாங்கும்போதே விலைக்கு மேல் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோனால் அதே 10 ரூபாய் திரும்பி வரும். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானை, காட்டெருமையின் காலைக் கிழிக்கிறது என்றுதான் உயர் நீதிமன்றம் தலையிட்டது. குடிக்கிறவருக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. அவர் காசைப் பிடித்துவைத்தார்கள், பாட்டில் திரும்பியது. இதைப் போய்ப் பரிசுக்குச் சாட்சியாகக் காட்டலாமா?

மெஸ் செயலாளர் | காலை 8.51
நான் எழுதியது கேன்டீனைப் பற்றி. சொந்த டம்ளர் கொண்டுவந்தால் டீ 2 ரூபாய் குறைவு, அட்டையில் ஒரு முத்திரை. 20 முத்திரை சேர்ந்தால் ஒரு பிரியாணி. இரண்டு மாதமாக நடக்கிறது. டீக்கடை வாசலில் இருந்த குப்பைத் தொட்டி முன்பெல்லாம் 11 மணிக்கே காகிதக் கப்பால் நிரம்பி வழியும். இப்போது மாலை வரை தாங்குகிறது. இதை விட்டுவிட்டு ஒரு 10 ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் கைக்கு 10 ரூபாய் வருகிறதா இல்லையா? கைக்கு வருவது பரிசுதான்.

குன்னூர்க்காரன் | காலை 8.58
கைக்கு வருவதெல்லாம் பரிசா? நீங்கள் பேங்கில் போட்ட பணத்தை எடுத்தால் மேனேஜர் பரிசு கொடுத்தார் என்றா வீட்டில் சொல்வீர்கள்? அந்த 10 ரூபாயை முதலில் கொடுத்தது யார்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

எவர்சில்வர் | காலை 9.20
நான் 9 வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவள். பரிசு என்ன செய்யும் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் முகாமில், நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு புள்ளி, அதிகம் சேர்த்த குழுவுக்குக் கோப்பை என்று மேலே முடிவு செய்தார்கள். பிள்ளைகள் பறந்து பறந்து நட்டார்கள். ஆடி முடிந்து ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பாதிக் கன்று காய்ந்து நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் வேரோடு கறுப்பு பாலிதீன் பை அப்படியே வருகிறது. பையைக் கிழிக்கக்கூட நேரமில்லை, எண்ணிக்கைதானே புள்ளி! அன்று நான் பிடுங்கியது 14 கன்று, 14 பை. மண்ணுக்குள் பிளாஸ்டிக்கைப் புதைத்ததற்குக் கோப்பை கொடுத்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்று. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடை செய்த 14 பொருளில் அதுவும் உண்டு. மெஸ் செயலாளர் கேன்டீனில் அது எப்படி இருக்கிறது? இருக்கவே கூடாத பொருளை வாங்காமல் இருப்பதற்கு ஒரு பிரியாணியா?

மெஸ் செயலாளர் | காலை 9.41
மேடம், மரக்கன்றுக்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் முகாமில் மேற்பார்வை சரியில்லை, அதற்குப் பரிசு என்ன செய்யும்? தடை இருக்கிறது, சரி. கல்லூரி வாசலுக்கு வெளியே 10 அடி நடந்து பாருங்கள், எந்தக் கடையில் இல்லை? சட்டம் போட்ட அரசே மஞ்சப்பை விருது என்று அறிவித்து, பிளாஸ்டிக்கைத் தவிர்த்த கல்லூரிக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் கொடுக்கிறது. அரசுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

எவர்சில்வர் | காலை 9.50
மேற்பார்வை சரியில்லை என்று என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அந்தப் புள்ளிக் கணக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குன்னூர்க்காரன் | காலை 10.02
மஞ்சப்பை விருது கல்லூரிக்குப் போகிறது, மாணவர் கைக்கு இல்லை. அதுவும் உங்களுக்கு உதவாது. பேச்சை மாற்றாமல் சொல்லுங்கள். 10 ரூபாய் யார் காசு?

கணக்குப்பிள்ளை | காலை 10.30
இதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் பல்கலைக்கழக, அலுவலக கேன்டீன்கள் 12-இல், கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2016 கடைசியில் பார்த்தார்கள். சொந்தக் கப் கொண்டுவந்தால் தள்ளுபடி என்றபோது ஒரு மாற்றமும் இல்லை. தூக்கி எறியும் கப்புக்குத் தனிக் காசு என்று வைத்தபோது சொந்தக் கப் 3.4 சதவீதம் கூடியது. கப்பை இலவசமாகக் கொடுத்து, அறிவிப்புப் பலகையும் வைத்து, தனிக் காசும் வாங்கியபோது 12.5 சதவீதம் வரை போனது. காசு பிரியாணியாக வருவதைவிட, கையைவிட்டுப் போவதுதான் உறைக்கிறது.

மெஸ் செயலாளர் | காலை 10.44
3.4 சதவீதமா? 100 பேரில் மூன்று பேர்! இதற்காகவா கார்டிஃப் வரை போனீர்கள்? எங்கள் குப்பைத் தொட்டியைப் பார்க்க வாருங்கள், பஸ் சார்ஜ் நான் தருகிறேன்.

கணக்குப்பிள்ளை | காலை 10.49
தள்ளுபடிக்கு அந்த மூன்று பேர்கூட வரவில்லை. அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ரெண்டாம் வருஷம் சிவில் | காலை 11.15
மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இங்கே மாணவர்களைத் தவிர எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் கல்லூரியில் குப்பைத் தொட்டி மேலே கியூஆர் கோடு ஒட்டி, பாட்டில் போட்டால் புள்ளி என்றார்கள். இரண்டாவது வாரமே ஹாஸ்டலில் அந்தக் கோடு போட்டோவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. படுக்கையில் படுத்துக்கொண்டே ஸ்கேன் செய்தோம். எங்கள் விங்கில் முதல் பரிசு வாங்கியவன் அந்த மாதம் முழுக்க ஒரு பாட்டில்கூடப் போடவில்லை. பரிசும் தண்ணீர் பாட்டில்தான், பிளாஸ்டிக்.

குன்னூர்க்காரன் | காலை 11.21
பார்த்தீர்களா! தம்பி கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறார். அவர் காசு 10 ரூபாய் அந்தப் பாட்டிலில் மாட்டியிருந்தால் படுக்கையிலிருந்து ஸ்கேன் செய்திருப்பாரா? எழுந்து போயிருப்பார். ஏனென்றால் அது அவர் காசு.

ரெண்டாம் வருஷம் சிவில் | காலை 11.26
தம்பி என்று யாரைச் சொல்கிறீர்கள்? சென்ற மாதம் ஊட்டி ரயில் விவாதத்திலும் “தம்பிக்கு விவரம் பத்தாது” என்றீர்கள். அன்று நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. இதுவரை ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டீர்களா? அப்புறம், நான் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. விடுதிப் பையன்களிடம் 10 ரூபாய் பிடித்துவைத்தால் பணக்காரப் பையன் “போனால் போகட்டும்” என்று தூக்கி எறிவான். கல்விக்கடன் வாங்கிப் படிக்கிறவன்தான் டம்ளரைச் சுமப்பான்.

குன்னூர்க்காரன் | காலை 11.33
வயதில் சின்னவரைத் தம்பி என்றால் குற்றமா? சரி, சார். ஊட்டி ரயில் விஷயம் வேறு, அதை இங்கே இழுக்காதீர்கள். அன்றும் நான் தவறாகச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | மதியம் 12.10
பணக்காரப் பையன் பற்றி அவர் சொன்னதற்குச் சாட்சி உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா ஊரில் குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் தாமதமாக வந்தால் அபராதம் என்று வைத்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், அதுதான் காசு கொடுக்கிறோமே என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-இல் வெளியான ஆய்வு.

மெஸ் செயலாளர் | மதியம் 12.18
காலையில் காசு வாங்கினால் நல்லது என்றீர்கள், மதியம் கெட்டது என்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை | மதியம் 12.22
நான் ஏன் ஒரு பக்கம் நிற்க வேண்டும்?

எவர்சில்வர் | மதியம் 12.40
என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. காகிதக் கப்பையே உள்ளே விடாதீர்கள், 300 எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போடுங்கள், முடிந்தது. பரிசும் வேண்டாம், பிடித்தமும் வேண்டாம்.

மெஸ் செயலாளர் | மதியம் 12.52
300 டம்ளரை யார் கழுவுவது? கோடையில் எங்கள் கல்லூரியில் தண்ணீர் லாரியில் வருகிறது. முன்பு டம்ளர் வாங்கிய முதல் வருடமே பாதி ஹாஸ்டல் அறைக்குப் போய்விட்டது, அங்கே ஷேவிங் பிரஷ் நிற்கிறது. வாளியில் முக்கி எடுத்த டம்ளரில் நீங்கள் டீ குடிப்பீர்களா?

எவர்சில்வர் | மதியம் 12.57
குடித்திருக்கிறேன். 9 வருடம் முகாமில் அதைத்தான் குடித்தேன். வாளியில் வெந்நீர் வைக்க ஒருவர் போதும்.

குன்னூர்க்காரன் | மதியம் 1.05
ஹாஸ்டல் அறைக்குப் போனதா? அதற்குத்தான் பிடித்தம்! டம்ளருக்கு 10 ரூபாய் வாங்குங்கள், திருப்பித் தந்தால் 10 ரூபாய். ஜெர்மனியில் 2003 முதல் தூக்கி எறியும் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் பிடித்தம். ஏறக்குறைய எல்லாமே திரும்பி வருகிறது. அங்கே அதை யாரும் பரிசு என்று சொல்வதில்லை. மெஸ் செயலாளர் ஒரே ஒரு தடவை “அது பரிசு இல்லை” என்று எழுதட்டும், நான் போய்விடுகிறேன்.

கோத்தகிரி தேயிலை | மதியம் 2.30
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். குன்னூர்க்காரரே, நானும் நீலகிரிதான். எங்கள் எஸ்டேட் ரோட்டில் ஒரு அம்மா சாக்கோடு நடப்பார். சுற்றுலா வந்தவர்கள் கார் ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போன பாட்டிலைத் தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து குச்சியால் தள்ளி எடுப்பார். 10 ரூபாய்க்கு அடையாளமாகக் கடையில் ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முந்தானையால் துடைத்துப் பார்ப்பார், இல்லாததைச் சாக்கில் போடமாட்டார். ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கப் பாட்டிலுக்குப் பாட்டில் பழைய துணி வைப்பார். அவர் அந்த 10 ரூபாயைக் கடையில் கொடுக்கவே இல்லை. அவருக்கு அது யார் காசு?

மெஸ் செயலாளர் | மதியம் 2.34
இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். கைக்கு வருவது பரிசு!

கோத்தகிரி தேயிலை | மதியம் 2.41
பரிசு என்று நான் சொல்லவில்லை. அது அவர் கூலி. முதுகு ஒடிய நடந்து எடுத்ததைப் பரிசு என்று சொல்லாதீர்கள், கோபம் வருகிறது.

குன்னூர்க்காரன் | மதியம் 2.55
வீசிவிட்டுப் போனவரின் காசு. அவர் விட்டுக்கொடுத்தார், இந்த அம்மா எடுத்துக்கொண்டார். யாரும் புதிதாக ஒரு ரூபாய் பரிசாகப் போடவில்லை. என் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

ரெண்டாம் வருஷம் சிவில் | மாலை 3.10
அப்போது காடு சுத்தமானது குடித்தவர் மாறியதால் இல்லை, அந்த அம்மா பொறுக்கியதால். நாங்கள் எறிவோம், வேறொருவர் குனிந்து எடுப்பார். கல்லூரியில் அதைத்தான் கொண்டுவரச் சொல்கிறீர்களா?

குன்னூர்க்காரன் | மாலை 3.16
எல்லாரும் எறிவதில்லை. குன்னூர் கடை வாசலில் சாயங்காலம் நின்று பாருங்கள், குடித்தவரே கொண்டுவந்து நீட்டுகிறார். நான் நின்று பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ரெண்டாம் வருஷம் சிவில் | மாலை 3.19
ஊட்டி ரயிலுக்கும் இதையேதான் சொன்னீர்கள். “நான் பார்த்தேன்.”

எவர்சில்வர் | மாலை 3.40
மெஸ் செயலாளருக்கு மூன்றாவது தடவை: தடை செய்த கப் உங்கள் கேன்டீனுக்குள் எப்படி வருகிறது? யார் வாங்குகிறார்கள்?

மெஸ் செயலாளர் | மாலை 4.05
கான்ட்ராக்டர் வாங்குகிறார், நான் இல்லை. இந்த வாரம் 31 பேர் 20 முத்திரை முடித்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பிரியாணி. அதற்கு இலை சொல்ல வேண்டும், இங்கே உட்கார எனக்கு நேரமில்லை.

குன்னூர்க்காரன் | மாலை 4.07
போவதற்கு முன் ஒரு வரி. அந்த 10 ரூபாயை முதலில் கொடுத்தது யார்?