மாடல் தப்பா, டிரைவர் தப்பா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஏஐ சிப்புக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது சிப்பை லினக்ஸோடு பேச வைக்கும் மென்பொருள், எழுதும் டீமுக்கு லீடாக இருக்கிறேன். மற்ற டிரைவரில் கோளாறு என்றால் பெரும்பாலும் மெஷின் தொங்கும், லாகில் தடயம் கிடைக்கும். இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. எல்லாம் ஓடும், விடை மட்டும் லேசாகப் பிசகும்.

போன புராஜெக்ட்டில் சிப் இருக்கும் கார்டை இன்டெல் கணினியில் சொருகிச் சோதித்தபோது எல்லாம் சுத்தம். அதையே ஏஆர்எம் வகை சிபியு உள்ள போர்டில் மாட்டினால் படங்களை அடையாளம் காண்பதில் துல்லியம் குறைந்தது. "நாங்க மாடல்ல கையே வைக்கல, டிரைவரைப் பாருங்க" என்றது மாடல் டீம். "சிலிக்கான் பக்காவா இருக்கு" என்றது ஹார்ட்வேர் டீம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எங்கள் டீமின் ஜூனியர் பெண் இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவே இல்லை. சிப் விடை எழுதும் மெமரி இடமான அவுட்புட் பஃபரை பைட் பைட்டாக ஹெக்ஸ் எண்களில் கொட்டி, சரியான விடையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தப்பான பைட்டுகள் சிதறிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு திட்டும் 64 பைட், 64-ஆல் வகுபடும் முகவரியில் ஆரம்பம். "அண்ணா, இது கேஷ் லைன் சைஸ்!" கேஷ் என்பது மெமரியில் இருப்பதைச் சிபியு தன் பக்கத்திலேயே நகலெடுத்து வைத்துக்கொள்ளும் இடம், அதில் ஒரு துண்டுதான் லைன். அந்தத் திட்டுகளில் இருந்தது குப்பைகூட இல்லை, முந்தைய படத்தின் விடை. சிப் புது விடையை மெமரியில் எழுதிவிட்டது. சிபியு தன் கேஷில் கிடந்த பழசைப் படித்திருக்கிறது. இன்டெல் கணினியில் ஹார்ட்வேரே இதைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஏஆர்எம் போர்டில் டிரைவர்தான் சிங்க் செய்யச் சொல்லணும், அதாவது கேஷில் உள்ள பழைய நகலைத் தூக்கிப்போடச் சொல்லணும். ஒரு பாதையில் அந்த அழைப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு வரி பேட்ச், அவ்வளவுதான்!

இப்போதெல்லாம் துல்லிய சதவீதத்தைப் பார்த்து பாஸ் போடுவதில்லை. பைட்டுக்கு பைட் ஒப்பீடு, அதுவும் முதலில் ஏஆர்எம் போர்டில்.

*

கேஷ் பஞ்சாயத்து எங்களிடமும் நடந்திருக்கிறது, சார். ஆனால் என் தலைவலி அப்ஸ்ட்ரீம், அதாவது எங்கள் டிரைவரை லினக்ஸின் மையமான கர்னலின் அதிகாரபூர்வ கோடில் சேர்ப்பது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலில் இந்த மாதிரி சிப்புகளுக்கென்றே 'ஆக்செல்' பிரிவு வந்துவிட்டது. இன்டெல், குவால்காம் டிரைவர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. டிரைவரை மட்டும் திறந்து கொடுத்தால் அங்கே சேர்க்க மாட்டார்கள். கர்னலுக்கு வெளியே இருந்து அதோடு பேசும் யூசர்ஸ்பேஸ் பக்கமும் ஓப்பன் சோர்ஸாக இருக்கணும். நியாயமான விதிதான், திறந்து பார்க்க முடியாத ஒன்றுக்காகக் கர்னலில் கோடு சுமப்பானேன்? எங்கள் பசங்க கோடு தயார். ஆனால் அந்த யூசர்ஸ்பேஸ் பக்கத்தில் இருக்கும், மாடலைச் சிப்புக்கேற்ற கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை வெளியிட மேலிடமும் சட்டப் பிரிவும் தலையாட்டவில்லை. ஒவ்வொரு கர்னல் வெளியீட்டுக்கும் எங்கள் கோடை அதன்மேல் மறுபடி பொருத்தி (ரீபேஸ்) காலம் ஓடுகிறது. இதைத் தாண்டி வந்த லீடுகள் இருந்தால், எதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்களேன்.