ஒப்பந்தத்தில் இல்லாத இழப்பீட்டை நடுவர் வழங்க முடியுமா? காற்றாலைப் பராமரிப்புத் தகராறு

பணகுடி காற்றாலை உரிமையாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பணகுடிக்குக் கிழக்கே எனக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை இருக்கிறது. அதன் பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறேன். சென்ற ஆனி மாதம், காற்று உச்சத்தில் இருந்த நேரத்தில், கியர்பாக்ஸ் உடைந்து 47 நாட்கள் எந்திரம் நின்றுபோனது. பக்கத்து எந்திரங்கள் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்க, என்னுடையதன் இறக்கை மட்டும் அசையாமல் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டில் 95 விழுக்காடு நேரம் எந்திரம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்றும், குறைந்தால் இழப்பீடு உண்டு, ஆனால் அது ஆண்டுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டாது என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. நான் இழந்த மின் உற்பத்தியின் மதிப்பு அதைப்போல் பல மடங்கு. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் போக வேண்டும் என்ற பிரிவின்படி, அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே ஒருவரை நடுவராக நியமித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நடுவர் நியாயத்தைப் பார்த்து முழு இழப்பையும் கொடுக்க முடியுமா? இன்னொன்று: சாலை அமைத்த வகையில் தனி ஒப்பந்தத்தில் நான் பணம் பாக்கி வைத்திருப்பதாக அவர்கள் இதே வழக்கில் எதிர்க்கோரிக்கை வைத்திருக்கிறார்கள். அதையும் அவர் விசாரிக்கலாமா?

பாளையங்கோட்டை வழக்கறிஞர்:

அண்ணாச்சி, முதலில் நியமனத்தைப் பாருங்கள். தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தானாகவே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தகராறு எழுந்த பிறகு நீங்கள் எழுத்து மூலம் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய அந்த நியமனம் நிற்காது. ஆகவே எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆட்சேபத்தை இப்போதே எழுதிக் கொடுங்கள். வேறு நடுவரை நியமிக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுச் செய்யலாம்.

நியாயத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விதான் மையமானது. 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி, இரு தரப்பும் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்திருந்தால் மட்டுமே நடுவர் தம் மனச்சாட்சிக்குப் பட்ட நியாயத்தை வைத்து முடிவு செய்யலாம். இல்லையென்றால் ஒப்பந்த விதிகளையும் அந்தத் தொழிலின் வழக்கத்தையும் கருத்தில் கொண்டு சட்டப்படிதான் தீர்ப்பளிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்வது அவருடைய அதிகாரம்; அவர் சொல்லும் பொருள் ஏற்கத்தக்கதாக இருந்தால், நீதிமன்றத்துக்கு வேறு கருத்து இருந்தாலும் அது தலையிடாது. ஆனால் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுவது அவருடைய வேலை அன்று.

நம் தூத்துக்குடித் துறைமுக வழக்கே இதற்குச் சான்று. கண்டெய்னர் முனையத்தை 30 ஆண்டுகளுக்கு நடத்த 1998-இல் போட்ட ஒப்பந்தத்தில், நிறுவனம் துறைமுகத்துக்கு ராயல்டி, அதாவது கண்டெய்னருக்கு இவ்வளவு என்று, கட்ட வேண்டும் என்றிருந்தது. அதை, வருவாயில் ஒரு பங்கைக் கொடுக்கும் வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றி நடுவர் தீர்ப்பாயம் 2014-இல் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் தலையிடவில்லை. மதுரைக் கிளை அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் 2021-இல் மதுரைக் கிளையின் முடிவையே உறுதி செய்தது. ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத புதிய ஒப்பந்தத்தை அதன் தலையில் கட்ட நடுவருக்கு அதிகாரமில்லை என்பதே காரணம். உங்கள் மேல் இரக்கப்பட்டு 20 விழுக்காட்டு வரம்பை ஒரு நடுவர் தூக்கி எறிந்தால், அந்தத் தீர்ப்பும் பிற்பாடு, நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்ய வழிவிடும் 34-ஆவது பிரிவின் கீழ் அடிபட்டுப் போகக்கூடும்.

சாலை விவகாரம் வேறு ஒப்பந்தம் என்றால், எதிர்க்கோரிக்கையும் இந்த நடுவர் உடன்பாட்டின் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்று 23-ஆவது பிரிவு சொல்வதைக் காட்டி உடனே ஆட்சேபியுங்கள். தம் அதிகார எல்லையை முதலில் நடுவரே 16-ஆவது பிரிவின்படி முடிவு செய்வார்.

கயத்தாறு காற்றாலை உரிமையாளர்:

வக்கீல் சார் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்திரத்தின் ஓட்டப் பதிவுகள் எல்லாம் பராமரிப்பு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கும். எங்கள் வழக்கில் நாங்கள் கேட்பதற்குள் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன. 17-ஆவது பிரிவின்படி நடுவரே ஆதாரங்களைப் பாதுகாக்க உத்தரவிடலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு அந்த உத்தரவு நீதிமன்ற உத்தரவைப் போலவே செல்லும். கழற்றி இறக்கிய கியர்பாக்ஸையும் பழைய இரும்புக்கு அனுப்ப விடாதீர்கள்.

பணகுடி காற்றாலை உரிமையாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தத்தை இன்று முழுதாகப் படித்தேன். 20 விழுக்காட்டு வரம்பைச் சொல்லும் விதியின் கடைசி வரியில் "கடும் அலட்சியம் நீங்கலாக" என்று இருக்கிறது. சித்திரையில் எடுத்த கியர்பாக்ஸ் எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கையில், தேய்மானத்தைக் காட்டும் இரும்புத் துகள் அளவு மிகுந்திருப்பதாக எழுதியும் அவர்கள் எந்திரத்தை நிறுத்திப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டை வழக்கறிஞர்:

அப்படியானால் உங்கள் கோரிக்கை மனுவை அந்த வரியின் மேல் கட்டுங்கள். எது கடும் அலட்சியம் என்று தீர்மானிப்பது நடுவரின் அதிகாரத்துக்குள் வருகிறது. வரம்பை மீறித் தருமாறு நீங்கள் அவரைக் கேட்க வேண்டியதே இல்லை. அந்த அறிக்கையின் அசலையும், அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள்.