பேபால் பெயரில் இரண்டு மெயில், எதை நம்புவது?

நித்யா (ஈரோடு):
வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லோகோ வரைந்து கொடுக்கிறேன், பணமெல்லாம் பேபால் (PayPal) என்ற இணையப் பணச் சேவை வழியாகத்தான் வருகிறது. இப்போது இரண்டு மெயில் வந்திருக்கின்றன. முதலாவது: “அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யுங்கள்.” கீழே நீலப் பொத்தான். இரண்டாவது, நான் வாங்காத பொருளுக்கு 499 டாலர் இன்வாய்ஸ். “வாங்கியது நீங்கள் இல்லையென்றால் உடனே அழைக்கவும்” என்று ஓர் அமெரிக்க எண். இதை அனுப்பிய முகவரி சரியாக பேபால்.காம் என்றே முடிகிறது. அதுதான் குழப்பம். இன்னும் எதையும் அழுத்தவில்லை. கணக்கு நிஜமாகவே முடங்கியிருந்தால் வரவேண்டிய பணம் நின்றுவிடுமே?

செந்தில்:
முதல் மெயில் போலிதான், நித்யா. பேபால் எழுதினால் கணக்கில் உள்ள உங்கள் முழுப் பெயரையோ நிறுவனப் பெயரையோ சொல்லித்தான் அழைக்கும். போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தட்டினால் முழு முகவரி வரும். பொத்தானை அழுத்தாமல் விரலை அதன்மேல் வைத்துப் பிடித்தால் எங்கே போகிறது என்று காட்டும். https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக இருக்கும் பெயரைப் பாருங்கள், அதுதான் தளத்தின் சொந்தக்காரர். அதற்கு முன்னால் பேபால்.காம் என்று யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ‘எல்’ எழுத்துக்குப் பதிலாக 1 போட்டும் ஏமாற்றுவார்கள்.

கவிதா:
இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அந்த மெயில் பேபாலில் இருந்தே வந்திருக்கலாம்! மோசடிக்காரன் ஒரு கணக்கு திறந்து, பேபாலின் இன்வாய்ஸ் வசதி மூலமாகவே உங்களுக்கு அனுப்புகிறான். விற்பவர் குறிப்பு எழுதும் இடத்தில் தன் போன் எண்ணைப் போட்டுவிடுகிறான். அதனால் முகவரி சரியாக இருக்கும், ஸ்பாம் வடிகட்டியிலும் சிக்காது. தூண்டில் அந்த எண்தான். அழைத்தால் “பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்று பேசி, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள்.

இன்வாய்ஸ் என்பது பணம் கேட்பதுதான். நீங்கள் கட்டாதவரை ஒரு பைசா போகாது.

எந்த மெயிலாக இருந்தாலும் அதிலிருக்கும் இணைப்பையும் எண்ணையும் விட்டுவிடுங்கள். நீங்களே பேபால் செயலியைத் திறந்து பாருங்கள். கணக்கு முடங்கியிருந்தால் அங்கேயே சொல்லும்.

ரஃபீக்:
இன்னொன்று. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள் பணம் செலுத்தும் சேவையை நிறுத்திவிட்டது. எனவே “டெல்லி கடையில் பேபால் மூலம் ரூபாயில் வாங்கியிருக்கிறீர்கள்” என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், கடவுச்சொல்லை பிரவுசரில் சேமித்திருந்தால் அது நிஜத் தளத்தில் மட்டும்தான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரப்புவது ஒரு நாள் நிரப்பவில்லை என்றால் அங்கேயே நின்று முகவரியைப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது அதற்குத் தப்பாது.

நித்யா:
செயலியில் பார்த்துவிட்டேன். முடக்கம் எதுவும் இல்லை. ஆனால் கவிதா அக்கா சொன்னபடியே அந்த இன்வாய்ஸ் உள்ளே இருக்கிறது! என்னைப் போலவே வேலை செய்யும் தோழி ஒருத்தி, முதல் மெயில் மாதிரியே வந்த ஒன்றில் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டாளாம். அவள் என்ன செய்ய வேண்டும்?

கவிதா:
இன்வாய்ஸைக் கட்டாமல் உள்ளேயே ரத்து செய்து, புகாரும் கொடுங்கள். போலி மெயிலை, phishing@paypal.com என்ற முகவரிக்கு அப்படியே அனுப்பிவிட்டு அழித்துவிடலாம்.

தோழி உடனே வேறு போனிலோ கணினியிலோ கடவுச்சொல்லை மாற்றட்டும். அதே சொல்லை மெயிலுக்கும் வைத்திருந்தால் முதலில் மெயிலை மாற்றட்டும், மெயில் கைமாறினால் மற்ற எல்லாவற்றையும் அவர்கள் ரீசெட் செய்துவிடுவார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போடட்டும். கார்டு எண்ணையும் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்கத்தான் அந்த எண். திட்டிவிடாதீர்கள் பாவம், பயந்து மறைத்தால் நேரம்தான் போகும்.