ஜப்பானியரின் தந்தைவழி மரபு: தமிழகத் தொடர்பு உண்டா?

மன்னார்குடி வாசகர்:
வணக்கம். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் பேசிய ஒருவர், நெல் வேளாண்மையும் இறந்தோரைத் தாழியில் புதைக்கும் வழக்கமும் தமிழகத்திலிருந்தே ஜப்பானுக்குச் சென்றன என்ற மொழியியலாளர் சுசுமு ஓனோவின் கருத்தை விளக்கிவிட்டு, அந்தமான் பழங்குடியினருக்கும் ஜப்பானியருக்கும் ஆண்வழியே இறங்கும் ஒய் குரோமோசோமில் ஒரே மரபுக்குழு (ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த வழி) இருப்பதால் அது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த முடிவு சரிதானா?

கும்பகோணம் வாசகர்:
மரபுக்குழு பற்றிய செய்தி மெய், முடிவுதான் பிழை. ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் டி என்னும் மரபுக்குழு உண்டு. வடக்கே ஐனு மக்களிடம் அது மிகப் பெரும்பான்மை. அந்தமானின் ஓங்கே, ஜாரவா ஆண்களிடமும் திபெத்தியரிடமும் அதே டி காணப்படுகிறது. ஆனால் ஜப்பானியரிடம் உள்ளது எம்55 என்ற தனிக்கிளை. அது அந்தத் தீவுகளுக்கு வெளியே அரிது. அக்கிளையும் அந்தமான் கிளையும் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது உலகில் எங்குமே நெல் பயிரிடப்படவில்லை. மேலும், தமிழகத்தில் பரவலாக உள்ள எச், எல், ஆர்2 குழுக்களை ஜப்பானில் தேடித்தான் பிடிக்க வேண்டும். உழவர்கள் இங்கிருந்து திரளாகச் சென்றிருந்தால் அவையல்லவா அங்கே தங்கியிருக்க வேண்டும்?

திருவையாறு வாசகர்:
நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மரபியலாளர் மைக்கேல் ஹாமர் குழுவினர் 39 ஆசிய மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,500க்கும் மேற்பட்ட ஆண்களின் மாதிரிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, டி கிளையை ஜப்பானில் முன்பே வேட்டையாடி வாழ்ந்த ஜோமோன் மக்களோடும், ஓ என்னும் மரபுக்குழுவின் சில கிளைகளைக் கொரியத் தீபகற்பம் வழியாக வந்த யாயோய் நெல் உழவர்களோடும் இணைத்தது. ஜப்பானின் மிகப் பழைய நெல்வயல்கள், கொரியாவை நோக்கிய கியூஷு தீவின் வடக்கில், இதாசுகே போன்ற இடங்களில் கிடைத்திருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

ஆயினும் ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குவது. பெண் மக்களே பிறந்த வீட்டில் அந்த வழி அத்தோடு அற்றுப்போகிறது. ஒரு வாய்க்காலை மட்டும் பார்த்துக் கல்லணையில் திறந்த நீரைக் கணக்கிடுவது போன்றது அது. முழு மரபணுத் தொகுதியை அளந்தால், முதன்மைத் தீவுகளில் வாழும் ஜப்பானியரிடம் ஜோமோன் பங்கு ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடுதான். தொல்லெலும்புகளைக் கொண்டு நடந்த 2021ஆம் ஆண்டின் ஆய்வோ, யாயோய் மக்களுக்குப் பின் அடுத்து வந்த கோஃபுன் காலத்தில் மூன்றாவது கிழக்காசிய வரவும் இருந்ததாகக் காட்டுகிறது. இரண்டு வேர்கள் என்ற பழைய கணக்கே இப்போது போதவில்லை.

மன்னார்குடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நெல் தனியாகவாவது இங்கிருந்து போயிருக்கலாம் அல்லவா?

திருவையாறு வாசகர்:
அதற்கும் இடமில்லை, ஐயா. அங்கே விளைவது குட்டையான, உருண்ட மணியுடைய, சோறாக்கினால் ஒட்டிக்கொள்ளும் ஜப்பானிகா வகை நெல். நம் கிச்சிலிச் சம்பா இண்டிகா வகை. இரண்டும் நம் வயலில் சேர்ந்தது 1960களில், ஜப்பானிய நெல்லோடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோதுதான். அந்த வரவு அங்கிருந்து இங்கே.