சைலன்சர் மாற்றிய பிறகு மலை ஏறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி
1.2 லிட்டர் பெட்ரோல் கார். பின் மஃப்ளரை, அதாவது சைலன்சர் டப்பாவைக் கழற்றிவிட்டு ரெண்டரை இஞ்ச் குழாயில் ஸ்ட்ரெயிட் த்ரூ போட்டேன், புகை தடுப்பில்லாமல் நேராகப் போகும் வகை. 304 ஸ்டெயின்லெஸ், ஆர்கான் வெல்டிங், வேலை சுத்தம். ஊருக்குள் ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்காடு அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசியில் மேலிருந்து பஸ் வந்தது, ஒதுங்கி நின்றேன். திரும்ப எடுத்தால் இரண்டாவது கியரில் வண்டி எழவே இல்லை. முதலில் போட்டு மிதித்தேன். சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஓரமாக ஒரு அம்மா குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். குழந்தையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

குப்பனூர் வழி
எனக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, சூடுதான். புதுக் குழாய் இடிக்கிறது என்று பட்டறையில் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டை எடுத்துவிட்டார்கள். என்னிடம் சொல்லவே இல்லை. மார்ச் மாதம், குப்பனூர் பாதையில் மலை ஏறிப் பாதியில் ஓரம் கட்டினேன். கீழே முழுக்கச் சருகு. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இலை கருகும் வாசம். குனிந்து பார்த்தால், இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு நேர் கீழே புகை. வண்டியை முன்னால் நகர்த்திவிட்டுக் காலாலேயே மிதித்து அணைத்தேன். நிமிர்ந்தபோதுதான் மேலே சரிவு முழுக்கக் காய்ந்த மூங்கில் நிற்பதைப் பார்த்தேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

செவ்வாய்ப்பேட்டை 2.0
அஸ்தம்பட்டி அண்ணா, இழுவை போனதற்குக் குழாய் அளவுதான் காரணம். 'பேக் பிரஷர் போயிடுச்சு' என்று பட்டறையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். எதிர் அழுத்தத்தால் எந்த இன்ஜினுக்கும் லாபம் இல்லை. குழாய் அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் குறைகிறது. ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததை இழுத்துக்கொண்டு போவதும் அதோடு குறைகிறது. 1.2க்கு இரண்டு இஞ்ச் தாராளம். கேட்டலிடிக் கன்வர்ட்டரை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். பி0420 என்ற கோளாறுக் குறியீடு வந்து செக் இன்ஜின் விளக்கு அணையாது, புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் வரை சிறையும் போடலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். என் கதை சின்னது. சீலநாயக்கன்பட்டியில் போலீஸ் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். 'அப்பா, நாம தப்பு பண்ணிட்டோமா?' என்றான்.

தொப்பூர் டீசல்
தம்பி, அஸ்தம்பட்டிக்காரர் குழாய் அளவு கேட்கவில்லை, அந்த அம்மா பார்த்த பார்வையைத்தான் சொன்னார். அதோடு இரண்டு இஞ்ச் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் குழாய் கம்பெனி அளவுதான், பின் சைலன்சர் டப்பா மட்டும் வேறு. இழுவை குறையவில்லை. ஆனால் 2,000 ஆர்பிஎம் தாண்டினால் 2,500 வரை உள்ளே ஒரு ரீங்காரம். நாலுவழிச் சாலையில் டாப் கியரில் போகும் வேகமே அதுதான். தர்மபுரியில் கல்யாணம், அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். தொப்பூர் கணவாய் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண் மூடியிருந்தார். திரும்பும்போது, 'நான் பஸ்ஸிலயே வந்துடறேன் சாமி, நீ பொறுமையா வா' என்றார்.

குழாய் நடுவில் ரெசனேட்டர் என்ற சத்தம் குறைக்கும் டப்பா வைத்தால் இந்த ரீங்காரம் போய்விடும் என்கிறார்கள். வைத்து நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மாவை மறுபடி கூட்டிப்போக வேண்டும்.