கலைச்சொல் தேவை: எண் ஒத்தும் உள்ளே சேராத எஞ்சின்

கீழ்வரி எழுதியது:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மன் ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் திரைவரி எழுதுகிறேன். வெள்ளி காலைக்குள் கோப்பு போயாக வேண்டும்.

படத்தில் 1971ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ் ஒன்றை விற்பதற்கு முன் எஞ்சினை இறக்கிப் பிரிக்கிறார்கள். வெளியே குத்தியிருக்கும் எண்ணும் தொழிற்சாலைப் பதிவட்டையில் உள்ள எண்ணும் ஒன்றே. அந்த உலகில் இதை ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்கிறார்கள். விலை ஏறுவதே அந்தச் சொல்லால்தான். உள்ளே பார்த்தால் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்படைக் கூடு) ஒரு பாதி வேறொரு எஞ்சினுடையது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், எளிய வகையான 911 டியுடையது. சிலிண்டர்கள் இரண்டு தொகுதிகளிலிருந்து வந்தவை. எல்லாமே போர்ஷே பாகங்கள்தான், எல்லாமே ஒழுங்காகப் பூட்டியிருக்கின்றன, எஞ்சினும் ஓடுகிறது.

அதனால்தான் ‘பொருந்தாத பாகங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. பொருந்தாவிட்டால் எப்படி ஓடும்? எண் ஒத்திருப்பதற்கு ஒரு சொல், பாகங்கள் ஒன்றுக்கொன்று உரியவையாக இல்லாததற்கு ஒரு சொல். இரண்டும் படம் முழுக்க வருகின்றன. திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை.

எழுத்தாணி எழுதியது:

அன்புடையீர், தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா? இலக்கண நூலைத் திறந்தாலே போதும். எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதை ‘மயக்கம்’ என்கிறோம். தன்னோடு தானே சேர்ந்தால் உடனிலை மெய்ம்மயக்கம், வேறொன்றோடு சேர்ந்தால் வேற்றுநிலை மெய்ம்மயக்கம். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்தால் திணை மயக்கம். ஓர் எஞ்சினுக்குரியது இன்னோர் எஞ்சினில் வந்தால் ‘உறுப்பு மயக்கம்’. பொருந்தவில்லை என்ற பொருளே இதில் இல்லை. இடம் மாறிக் கலந்தது என்பதுதான் பொருள். உங்கள் சிக்கல் தீர்ந்தது.

முதல் சொல்லுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புகள் பத்து: ‘பிறப்பே குடிமை ஆண்மை ஆண்டோடு’ என்று தொடங்கும். பிறந்த ஆலை, மாடலின் குடி, உற்பத்தி ஆண்டு எல்லாம் அடங்கிவிட்டன பாருங்கள்! ஆகவே ‘எண்ணொப்பு’. ஒப்பில்லாக் கூட்டுக்குப் பெருந்திணை என்ற பெயரும் உண்டு. ‘பெருந்திணைப் பொறி’ என்றால் படித்தவர்கள் ரசிப்பார்கள். (எஞ்சின் என்று நான் எழுதியது அவசரத்தில், இனிப் பொறி.)

அச்சாணி எழுதியது:

ஐயா, நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுப்பவள். ‘எஞ்சினுக்கு உறுப்பு மயக்கம்’ என்று கரும்பலகையில் எழுதினால், தண்ணி தெளிச்சா எழுந்துக்குமா மிஸ் என்பார்கள். உறுப்பு என்றாலே பிள்ளைகளுக்கு உடலுறுப்புதான். ‘ஒவ்வா உறுப்பு’ என்று போனால் சிறுநீரக மாற்று வார்டு. பாகம் என்றே விடலாம். வடசொல் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

‘எண்ணொப்பு’ நன்றாக இருக்கிறது. ‘எண் பொருத்தம்’ என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லும் எண்கணித ஜோதிடர் ஞாபகம் வருகிறது.

எழுத்தாணி எழுதியது:

மேலும், ‘எண்பொருத்தம்’ என்று சேர்த்து எழுதினால் எட்டுப் பொருத்தம் என்றாகிவிடும், எண்பேராயம் போல. அந்த இடரும் உண்டு.

ஸ்பானர் எழுதியது:

ஏனுங்க, இதுக்கு இத்தன பஞ்சாயத்தா? எங்க பட்டறையில இதுக்குப் பேரு இருக்குதுங்க. ‘செட்டு மாறுனது’. சின்னதுன்னா ‘ஜோடி மாறுனது’.

பிஸ்டனைக் கிராங்க் தண்டோட சேக்கற கனெக்டிங் ராடும் அதோட அடி மூடியான கேப்பும் ஒண்ணாப் பூட்டித்தான் உள்வட்டத்தைக் கடைவாங்க. அதனாலதான் ரெண்டுலயும் ஒரே நம்பரக் குத்தி வெச்சிருப்பாங்க. பையன் அவசரத்துல ஒண்ணோட கேப்பத் தூக்கி இன்னொண்ணுக்குப் போட்டா போல்ட் ஏறும், டைட்டும் ஆகும். ஆனா வட்டம் வட்டமா இருக்காது. பேரிங் கொஞ்ச நாள்ல போயிரும். மெயின் பேரிங் கேப்புக்கும் இதே கதைதான். பார்ட்டு ஒரிஜினல், ஜோடி மாறிருச்சு. கீழ்வரி கேக்கறது இதத்தானுங்களே?

நெக்கார் எழுதியது:

நான் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை செய்கிறேன். ஸ்பானர் சொன்னது மிகச் சரி. 911இல் அது இன்னும் கூர்மையாகிறது. இதன் கிராங்க்கேஸ் இடது, வலது என இரண்டு பாதி. இரண்டையும் சேர்த்துப் பூட்டி, கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே போக்கில் கடைந்து, இரண்டிலும் ஒரு ஜோடி எண்ணைக் குத்துவார்கள். அது எஞ்சின் எண் அல்ல. எஞ்சின் எண் ஒரு பாதியில் மட்டும்தான் இருக்கும். ஆகவே மற்ற பாதி எங்கிருந்து வந்தாலும் எஞ்சின் எண் பதிவட்டையோடு ஒத்தே இருக்கும். படத்தில் நடந்தது இதுதான்.

911க்கு முந்தைய போர்ஷே 356 மாடலில் கூத்து இதைவிட மோசம். 1950களின் நடுவிலிருந்து அதன் கிராங்க்கேஸ் மூன்று துண்டு. எஞ்சின் எண் இருப்பது மூன்றாவது துண்டில். அதைக் கழற்றி இன்னொரு கிராங்க்கேஸில் பூட்டிவிட்டால், ‘எண் ஒத்த’ எஞ்சின் தயார். அடியில் குத்தியிருக்கும் ஜோடி எண்களைக் குனிந்து பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

சிலிண்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 911 சிலிண்டர்களை உயரத்தை வைத்து 5, 6 என்று இரண்டு தொகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். அடிப்பக்கம் எண் இருக்கும். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர் தலைகளின் மேலும் கேம்ஷாஃப்டின் கூடு ஒன்றாக உட்காருவதால், அந்த மூன்றும் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். கலந்து போட்டால் கூடு வளையும், கேம் இறுகும்.

அடுத்து கேம். 2.2 லிட்டர் எஸ் வகையின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது) 9.8, டி வகையுடையது 8.6. எஸ் பிஸ்டனோடு டி கேமைப் போட்டால் உள்வால்வு சீக்கிரம் மூடி, தாழ்ந்த வேகத்தில் உள்ளே அழுத்தம் கூடிவிடும். ‘டிக் டிக்’ என்று தட்டும். ஆனால் 2.4 லிட்டர் எஞ்சினின் கிராங்கில் 2.2 எஸ் பிஸ்டனை வேண்டுமென்றே போடுகிறவர்களும் நிறைய. அதுவும் கலப்புதான், அவர்களோ அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஆக இங்கே இருப்பது இரண்டு விதமான சேராமை. ஒன்று வரலாற்றுக்கு ஒவ்வாதது, மற்றது இயக்கத்துக்கு ஒவ்வாதது. முழு எஞ்சினையும் மாற்றி அதே ஆண்டின் இன்னொன்றை வைத்தால் வரலாறு போகும், ஓட்டம் கெடாது. ராடின் கேப்பை மாற்றிப் போட்டால் வரலாறு அப்படியே இருக்கும், எஞ்சின் போகும். ஒரே சொல்லால் இரண்டையும் மூடாதீர்கள்.

அச்சாணி எழுதியது:

நெக்கார் சொன்னதைப் படித்ததும் எனக்கு இலக்கணத்தில் பிழையைக் குறிக்கும் ‘வழு’தான் தோன்றியது. திணை வழு, பால் வழு போல ‘இணை வழு’. தெரிந்தே செய்து, காரணமும் இருந்தால் வழுவமைதி! 2.4 கிராங்கில் எஸ் பிஸ்டன் வழுவமைதி, கேப் மாறிய ராடு வழு. வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன்.

எழுத்தாணி எழுதியது:

அம்மா, மயக்கத்தைத் தள்ளியவர் வழுவைக் கொண்டுவந்தீர்களே! மகிழ்ச்சி. வழுவுதல் என்றாலே நழுவுதல், வழுக்குதல். வழு, வழுவழு, வழுக்கை, விழு எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதும் வழுவழுப்புக்காகத்தானே!

பொறி பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறி என்றால் எந்திரம். பொறி என்றால் முத்திரையும்தான். சேரன் இமயத்தில் பொறித்தது விற்பொறி. ஆகவே ‘பொறியெண்’ என்ற ஒரே சொல் எஞ்சின் எண்ணையும் குறிக்கும், குத்திய எண்ணையும் குறிக்கும். எந்தப் பிறமொழிச் சொல்லுக்கு இந்த வளம் உண்டு?

ஸ்பானர் எழுதியது:

ஐயா, எலி புடிக்கறதும் பொறிதானுங்க.

யாழ்வாசி எழுதியது:

எழுத்தாணி ஐயா, ‘எந்திரம்’ என்ற சொல்லே சங்கத்தில் இருக்குது. ஐங்குறுநூறு, ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’. அப்ப பொறிக்கு ஏன் இந்தப் பாடு?

எங்கட பக்கம் செற் மாறின கார்தான் ஒரு தலைமுறையையே ஏற்றி இறக்கினது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. காபறேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடினது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார் எல்லாம். எதிலை எது கிடைச்சுதோ அதைப் பூட்டினம். அதுகளுக்கு வழு எண்டு பேர் வைச்சால் எங்கட கராச்காரர் கோவிப்பினம். இதில் பிழை எண்ட தொனி வேண்டாம். ‘கலப்புப் பாகங்கள்’ எண்டு நேராச் சொல்லுங்கோ.

கீழ்வரி எழுதியது:

நண்பர்களே, நாளை வெள்ளி.

‘கலப்பு’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பார்ப்பவருக்குக் கலப்படம்தான் நினைவு வரும். படத்தில் நிபுணர் யாரையும் போலி என்று குற்றம் சாட்டவில்லை. ஸ்பானரின் ‘ஜோடி மாறியது’தான் கேட்டவுடன் புரிகிறது. அதை ‘இணை மாறிய’ என்று எழுதலாமா? ஒற்றைச் சொல் தேவைப்படும் இடத்தில் ‘இணைமாறி’?

அச்சாணி எழுதியது:

‘இணை மாறிய’ சரி. ‘இணைமாறி’ கூடாது. கணக்கில் மாறி என்றால் மதிப்பு மாறிக்கொண்டே இருப்பது. இணைமாறி என்றால் ஏதோ சமன்பாடு என்று நினைப்பார்கள். கணக்கில் ஆர்வமில்லாத கடைசி பெஞ்சுக்கு மொள்ளமாறி, முடிச்சுமாறி வரிசையில் ஒன்று கூடிவிடும்.

நெக்கார் எழுதியது:

என் வாக்கும் ‘இணை மாறிய’. ஜோடி எண் குத்திய பாகங்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் கேம்ஷாஃப்டுக்கு? அதற்கு ஜோடி கிடையாது; அது வகை மாறியது. படத்தில் அந்த இடம் வரும்போது ‘வகை மாறிய’ என்று தனியாகப் போடுங்கள்.

கீழ்வரி எழுதியது:

அப்படியே செய்கிறேன். நிபுணரின் முக்கியமான வரி இப்படி வந்திருக்கிறது: ‘எண் ஒப்பு உண்டு. உள்ளே இணை மாறிய பாகங்கள்.’ இரண்டு வரிக்குள் அடங்குகிறது. ‘எண்ணொப்பு’ என்று சேர்த்து எழுதாமல் பிரித்திருக்கிறேன். திரையில் ஓடும் எழுத்தில் ‘எண்ணெய்’ என்று கண் படித்துவிடுகிறது. ‘எஞ்சின்’ எஞ்சினாகவே இருக்கிறது.

எழுத்தாணி எழுதியது:

அவசரம் புரிகிறது, தடுக்கவில்லை. ஆனால் குழுவின் சொற்பட்டியலில் இதை முடிந்த முடிபாக ஏற்றக்கூடாது. ‘இணை மாறிய’ என்பது பெயரெச்சம். பெயரெச்சம் கலைச்சொல் ஆகாது, பெயர் வேண்டும். ‘இணை வழு’ என்பதை மாற்றுச் சொல்லாக, என் குறிப்போடு, பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன். வழுவில் பிழைத் தொனி இருக்கிறது என்ற யாழ்வாசியின் கவலைக்குத்தான் வழுவமைதி இருக்கிறதே. வேர் பற்றிய விரிவான மடலை ஞாயிறன்று அனுப்புகிறேன்.

யாழ்வாசி எழுதியது:

வழுவமைதி எண்டாலும் முதலில் வழு எண்டு சொல்லிப்போட்டுத்தானே மன்னிக்கிறியள். என்ரை எதிர்ப்பையும் பட்டியலில் எழுதி வையுங்கோ.

ஸ்பானர் எழுதியது:

செட்டு மாறுனதுங்க. அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம பட்டறை லீவு, மடல் வந்தா படிக்கறேன்.